முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, பிரசங்கத்துக்கு முன்னால், சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தமக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சொல்லி முடித்ததும் சபை மொத்தமும் "ஆமென், ஸ்தோத்திரம்" என்று சொல்லும். முதலில் எழும்புகிறவர் எப்போதும் என் அப்பாதான். ஆண்கள் பக்கம், இரண்டாவது பெஞ்சு, மின்விசிறிக்கு நேர் கீழே. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்பதால் அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். நடந்ததற்கு நன்றி சொல்வதில் என்ன விசுவாசம் இருக்கிறது என்பார். நடக்கும் முன்பே, நடந்து முடிந்துவிட்டது என்று சபை நடுவே சொல்லி நன்றி செலுத்த வேண்டும், அதுதான் விசுவாசம். எங்கள் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் இந்தப் பழக்கம் பலருக்கும் உண்டு. ஆனால் அப்பா அளவுக்குத் துணிந்தவர்கள் இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்ததற்கு, அவன் இன்டர்வியூவுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறே நன்றி சொன்னார். வேலை கிடைத்தது. அப்படி நடந்ததெல்லாம் சபையாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நடக்காததை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. ஒரு ஞாயிறு அப்பா எழுந்து, "என் மகளுக்கு ஆண்டவர் பிள்ளை பாக்கியத்தைத் தந்துவிட்டார், அவருக்கு நன்றி" என்றார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. ஆராதனை முடிந்ததும் வாசலில் பெண்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள். "ஏளா, எத்தன மாசம்? மூச்சு விடலையே நீ!" என்று ஒருத்தி என் வயிற்றில் கையே வைத்துவிட்டாள். அன்றைக்கு நான் மாதவிலக்கில் இருந்தேன். அடி வயிற்று வலியோடு சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சண்டை போட்டேன். "தந்துட்டாருன்னு சொன்னியளே, எங்க? காட்டுங்க பாப்போம்!"

"வரும்ளா. ஊரே ஆமென் சொல்லுது, நீ மட்டும் வாயத் தொறக்கல. அப்புறம் எப்படி வரும்?" என்றார். கோபப்பட்டுக்கூடச் சொல்லவில்லை, மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் மாதிரிச் சொன்னார். பிள்ளை வரவில்லை. அதற்கப்புறம் அப்பாவின் சாட்சிக்கு நான் ஆமென் சொல்வதை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. நான் கல்லாவில் உட்காருவேன், அவர் உள்ளே முந்திரி மக்ரூன் பிழிவார். அதுதான் எங்கள் வாழ்க்கை.

எனக்கு ஒரே தம்பி. அவன் சின்னப் பையனாக இருந்தபோது கடலில் குளிக்கப் போய் அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து போய்த் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். மணலில் மூச்சில்லாமல் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் அப்பா முழங்கால் போட்டு, "இவன் பிழைத்தால் உம்முடைய ஊழியத்துக்கு" என்று பொருத்தனை பண்ணினார். தம்பி தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். அம்மா உயிரோடு இருந்த நாளெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். அவன் பரீட்சையில் பெயிலானாலும், கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நல்ல வேலையில் சேர்ந்தாலும், அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "நீ இங்கன இருக்கப் பொறந்தவன் இல்லலே."

கடைசியில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், ஊழியத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது தம்பி கையைத் தூக்கிவிட்டான். வேலையை விட்டான். வடக்கே மலைக்காட்டு ஊர் ஒன்றுக்கு மிஷனெரியாகப் போனான். கல்யாணம் பண்ணிப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினான், சாயங்காலம் ஜெபம் நடத்தினான். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் ஜீப் வராது. போன் பேச மேடேறிப் போக வேண்டும். நாங்கள் கவலைப்பட்டால் அப்பா, "அழைச்சவரு காப்பாரு" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அங்கேதான் பாப்பா பிறந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்த வருஷம் மே மாதம் லீவுக்கு மூன்று பேரும் வந்தார்கள். கச்சான் காற்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்த மாதம். ஆற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கடலைப் பார்த்ததும், "அத்தே, அந்தக் கரை எங்க?" என்று கேட்டாள். உப்பளத்துப் பக்கம் கூட்டிப் போனேன். குவித்துப் போட்டிருந்த உப்பைப் பார்த்து, "இம்புட்டையும் யாரு திம்பா?" என்றாள். பாதித் தமிழ், பாதி அந்த ஊர்ப் பேச்சு. கடைக்கு வந்தால் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து, உடைந்த மக்ரூனையெல்லாம் பொறுக்கித் தின்பாள். முழுசு கொடுத்தால் வாங்க மாட்டாள். "அது விக்கதுக்கு" என்பாள். கெட்டிக்காரி. என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே தட்டுத் தட்டாக உடைக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் அடுப்படியில் தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, இவள உங்ககூட வச்சுக்கிடுங்களேன். போன மழைக்கு ரெண்டு தடவ காய்ச்சல் வந்துட்டு. நான் கேட்டா மாமா அவிசுவாசம்னு சொல்லுவாவ. நீங்க கேளுங்க."

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். பாப்பா என்னோடு இருக்கட்டும், நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன், லீவுக்கு லீவு அங்கே அனுப்புகிறேன் என்றேன். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர், "மாமா, பிள்ள இங்க இருந்தா எங்களுக்கும் ஒரு இது" என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் நிறுத்தினார்.

அப்பா தண்ணீர் குடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "ஏலே, அந்த ஊர்ப் பிள்ளைய எல்லாம் அங்கனதான இருக்கு? அதுகளுக்குக் காய்ச்சல் வரலையா? உன் பிள்ளைய மட்டும் இங்கன ஒளிச்சு வச்சுட்டு, அங்கன போயி ஆண்டவரு காப்பாருன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவ?"

கேள்வி சரியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. நான், "போங்கப்பா, உங்க விசுவாசத்துக்கு நாங்கதான் கெடச்சோமா?" என்று கத்திவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஸ்டேஷனில் பாப்பா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மக்ரூன் பாக்கெட்டைக் கொடுத்தேன். திறந்து பார்த்து, "எல்லாம் ஒடஞ்சதா?" என்று கேட்டாள். "எல்லாம் ஒடஞ்சதுதான்டி, தின்னு" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தம்பி போன் பண்ணினான். பாப்பாவுக்குக் காய்ச்சல். அங்கே இருக்கிற நர்ஸ் மாத்திரை கொடுத்திருக்கிறாள், இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது என்றான். "ஏலே, மாத்திரைய நம்பி இருக்காத. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பமே போ" என்றேன். "ஜீப்புக்குச் சொல்லிருக்கேன்க்கா. ஞாயித்துக்கிழமதான் வரும். ஆத்துல இப்போதைக்குத் தண்ணி கொறவுதான், போயிரலாம்" என்றான். அப்பாவுக்கும் போன் பண்ணிச் சொல்லியிருந்தான்.

ஞாயிறு ஆராதனைக்கு நான் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. சாட்சி நேரம் வந்தது. அப்பா எழுந்தார். "வடக்கே ஊழியத்தில் இருக்கிற என் பேத்தியின் காய்ச்சலை ஆண்டவர் முற்றிலும் நீக்கி, பூரண சுகம் தந்துவிட்டார். அவருக்கே மகிமை" என்றார். அந்தக் குரல் கோவில் மூலை வரைக்கும் போனது. என் மனசிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது. அப்பாவின் பழக்கம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அன்றைக்குக் காலையில் தம்பி போன் பண்ணியிருப்பான் என்றே நினைத்தேன். அப்படி நினைக்க வேண்டும் என்று இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அப்பாவின் சாட்சிக்கு நான் ஆமென் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது அப்பாவிடம், "போன் வந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "எல்லாம் சொகம்ளா, போ" என்றார். நான் கடைக்குப் போய், பாப்பாவுக்கு அனுப்ப ஒரு டப்பா நிறைய மக்ரூனைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். பாட்டுக்கூடப் பாடினேன் போலிருக்கிறது. "என்ன, இன்னைக்கு ஒரே குஷி" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி வந்தது. திங்கள் மத்தியானத்துக்கு மேல் பாப்பாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது. எங்கேயோ போய் ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் மேலே மழை கொட்டி ஆறு பெருகிவிட்டது. தண்ணீர் வடியட்டும் என்று கரையில் காத்துக்கொண்டிருந்தபோது, அம்மா மடியிலேயே பிள்ளை போய்விட்டது.

நானும் அப்பாவும் ரயில் ஏறினோம். எத்தனை ஊர் கடந்தோம், என்ன சாப்பிட்டோம், ஒன்றும் நினைவில்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தப் பாட்டைக் கேட்கக் கேட்கப் பற்றி எரிந்தது. இந்த மனுஷனுக்கு நெஞ்சு என்ன கல்லா என்று நினைத்தேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஒரு மரத்தடியில், சின்ன மேடு. அந்த ஊர்ப் பெண்கள் அதைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் தம்பியும் நானும் மட்டும் அந்த மேட்டருகே நின்றோம். "ஞாயித்துக்கிழமயே ஜீப்பு வரும்னு சொன்னியேலே. வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சுக்கா."

"வந்துச்சா? அப்புறம்?"

"மேட்டுக்குப் போனப்ப, நம்ம கோவில் பையன் ஒருத்தன் அப்பா சாட்சி சொன்னத வீடியோ எடுத்து அனுப்பிருந்தான். எறங்கி வந்து பாத்தா பாப்பாவுக்கும் அந்நேரம் காய்ச்சல் விட்டிருந்துச்சு. எந்திச்சு உக்காந்து கஞ்சி குடிச்சா. சபையே ஸ்தோத்திரம் சொல்லிட்டு, இனி நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா அப்பா சொன்னது பொய்யாயிருமேன்னு தோணிட்டு. நான்தான் ஜீப்பத் திருப்பி அனுப்பிட்டேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "யக்கா, அப்பாட்ட சொல்லிராத. தாங்க மாட்டாவ."

நான் அவனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "உள்ளதச் சொல்லு. உன்ன ஆண்டவரு கூப்பிட்டாரா, அப்பா கூப்பிட்டாவளா?"

"மொதல்ல அப்பாதான். இங்க வந்து ஒரு வருஷம் வரைக்கும் அப்பாவுக்காகத்தான் இருந்தேன். அப்புறம் அவரு கூப்பிட்டது எனக்கே கேட்டுச்சுக்கா. பொய் சொல்லல."

"இப்போ கேக்குதா?"

"இல்ல" என்றான். "ஆனா இவள இங்கன போட்டுட்டு எங்க வாரது?"

ஊருக்கு வந்துவிடு என்று சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதற்கப்புறம் அதைச் சொல்லவில்லை. நானும் அப்பாவும் மட்டும் திரும்பி வந்தோம்.

வந்தபிறகு எனக்கு இருந்தது ஒரே ஒரு நினைப்பு. அப்பாவுக்குத் தெரிய வேண்டும். தம்பி சொல்லாதே என்றான், சரி. ஆனால் அந்த மனுஷன் இனிமேல் ஒரு ஞாயிறு சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் காத்தார், நடத்தினார் என்று வாயைத் திறந்தால், பெண்கள் பக்கத்திலிருந்து நானும் எழுந்து நின்று ஜீப் கதையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். தம்பி கெஞ்சியதாவது ஒன்றாவது! துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் "கொடுத்தவரே எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எடுத்தது யார் என்று எனக்கல்லவா தெரியும்? ஆண்டவரிடமும் சண்டைதான். காக்கிறவர் என்றால் அந்த வீடியோவை அனுப்பிய பையனின் போனில் சார்ஜ் இல்லாமல் பண்ணியிருக்கலாமே? அவ்வளவு சின்ன வேலைகூட அவரால் முடியவில்லையா? கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டே இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். டேப் ஒட்டிய டப்பா அலமாரியிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் வருவார்.

சில வாரம் அப்பா சாட்சி நேரத்தில் எழும்பவில்லை. சபைப் போதகரான ஐயர் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பெஞ்சைப் பார்த்துவிட்டு, அடுத்தவர்களைக் கூப்பிட்டார். பிறகு ஒரு ஞாயிறு எழுந்தார். நானும் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பா பேச ஆரம்பித்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் குரல் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி ஓடிப் போய் மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"பிள்ளைக்குச் சொகமாயிட்டுன்னு இங்கன நின்னு சொன்னேன்" என்றார். "அப்போ சொகமாவல. எனக்குத் தெரியும். நான் முன்கூட்டிச் சொன்னது. அன்னைக்கு மத்தியானம் மவன் திரும்பவும் மேடேறிப் போயி போன் பண்ணினான். 'அப்பா, ஜீப்பு வந்து நிக்கி. காய்ச்சல் விட்டுருக்கு, ஆனா பிள்ள மொகம் சரியில்ல. கொண்டு போவட்டா'ன்னு கேட்டான். 'ஆண்டவரு செஞ்சு முடிச்சத நீ என்னலே சந்தேகப்படுத, ஜீப்ப அனுப்பு'ன்னு சொன்னேன். 'சரிப்பா'ன்னான். அனுப்பிட்டான்."

தம்பி இதை என்னிடம் சொல்லவில்லை. தானே அனுப்பியதாகத்தான் சொன்னான். பிள்ளையைப் புதைத்த மேட்டில் நின்றுகொண்டு அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறான். அப்பாவோ அத்தனை நாளும் எல்லாம் தெரிந்தேதான் ரயிலில் வந்திருக்கிறார், போயிருக்கிறார், என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

அப்பா மைக்கைக் கீழே இறக்கினார். சாட்சி முடிந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகிய வாய்கள்தானே? பின்னாலிருந்து நாலைந்து பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். ஐயர் கையில் பாட்டுப் புஸ்தகத்தோடு நின்றார். அப்பாவுக்கு உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். எங்கள் கோவிலில் ஆராதனை நேரத்தில் பெண்கள் ஆண்கள் பக்கம் போவதில்லை. நான் நடு வழியைத் தாண்டிப் போனேன். கத்த வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. அவர் தோளைப் பிடித்து, "உக்காருங்கப்பா" என்றேன்.

உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏளா, நீயாவது இதுக்கு ஆமென் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் ஆண்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.